அட்டில்ஸ்ஃபோர்டு: ஒரு மாவட்ட மன்றமும் அதன் வாக்காளர்களும்

அட்டில்ஸ்ஃபோர்டு என்று ஓர் ஊர் கிடையாது. அந்தப் பெயரில் ரயில் நிலையம் இல்லை, சந்தை இல்லை, தேவாலயம் இல்லை. இங்கிலாந்தில் எசெக்ஸ் கவுண்டியின் வடமேற்கு மூலையில் சுமார் 640 சதுர கிலோமீட்டர் நிலத்தை நிர்வகிக்கும் மாவட்ட மன்றத்துக்குத்தான் அந்தப் பெயர். சாஃப்ரன் வால்டன், கிரேட் டன்மோ, தாக்ஸ்டெட் என்ற சிறு நகரங்கள், கோதுமையும் பார்லியும் விளையும் வயல்கள், அவற்றுக்கிடையே சிதறிக் கிடக்கும் கிராமங்கள், நடுவில் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையம். அங்கே ஒன்பது ஆண்டுகள் குடியிருந்தேன். மூன்று மன்றத் தேர்தல்களில் வாக்களித்தேன். இந்த மன்றத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாள் நினைத்துத் தள்ளிப்போட்டேன். மன்றமே இன்னும் சில ஆண்டுகளில் மறையப்போகிறது என்றான பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை.

பெயர் பழையது. ஆங்கிலோ-சாக்சன் காலத்திலிருந்தே கவுண்டிகளை ஹண்ட்ரட் என்ற உட்பிரிவுகளாக வகுத்திருந்தார்கள். நம் கல்வெட்டுகளில் வரும் கூற்றம், நாடு போன்ற ஒரு பிரிவு என்று வைத்துக்கொள்ளலாம். அட்டில்ஸ்ஃபோர்டு அப்படி ஒரு ஹண்ட்ரட். வழக்கொழிந்து கிடந்த அந்தப் பெயருக்கு 1974-இல் மறுவாழ்வு கிடைத்தது. 1972-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் நாடு முழுவதும் பழைய மன்றங்களைக் கலைத்துப் புதியவற்றை உருவாக்கியபோது, சாஃப்ரன் வால்டன் நகராட்சியும், சாஃப்ரன் வால்டன் ஊரக மாவட்டமும், டன்மோ ஊரக மாவட்டமும் ஒன்றாக இணைக்கப்பட்டன. வால்டன் பெயரை வைத்தால் டன்மோக்காரர்களுக்கு மனத்தாங்கல் வந்திருக்கும் என்பது என் ஊகம். முதல் தேர்தல் 1973 ஜூனில் நடந்தது. 1974 ஏப்ரல் 1 அன்று புதிய மன்றம் பொறுப்பேற்றது.

இரண்டு அடுக்கு நிர்வாகம் அது. சாலைகள், பள்ளிகள், நூலகங்கள், முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுண்டி மன்றத்தின் கையில். குப்பை அள்ளுவது, குடியிருப்பு வரியை வசூலிப்பது, வாடகை வீடுகள் தருவது, உணவகங்களின் சுகாதாரத்தைச் சோதிப்பது, தேர்தல் நடத்துவது ஆகியவை மாவட்ட மன்றத்தின் வேலை. இவற்றோடு இன்னொன்றும் உண்டு: எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று அனுமதி கொடுப்பதும் மறுப்பதும். கேட்பதற்கு அலுவலக வேலை போல இருக்கும். இந்த மன்றத்தின் ஐம்பது ஆண்டு அரசியலில் பெரும்பகுதி அந்த ஓர் அதிகாரத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது.

நான் அங்கே போனது 2014 இலையுதிர் காலத்தில். வேலை கேம்பிரிட்ஜில், வீடு கிடைத்தது ரயில் பாதையை ஒட்டிய ஒரு கிராமத்தில். குடிபுகுந்த சில வாரங்களில் வாக்காளர் பதிவுப் படிவம் தபாலில் வந்தது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் எனக்கும் அது பொருந்தும் என்பதை நம்பவே முடியவில்லை. முறையாகக் குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு அங்கே வாக்குரிமை உண்டு. மன்றத் தேர்தலில் மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலிலும். பேரரசு கலைந்தபின் மிஞ்சிய உரிமை அது. படிவத்தை நிரப்பி அனுப்பினேன். அப்புறம்தான், எனக்கு ஓட்டுக் கொடுத்திருக்கும் இந்த இடம் எது என்று தெரிந்துகொள்ள வேண்டுமே என்று தோன்றியது. விடுமுறை நாட்களில் நூலகத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் மீதியைச் சொன்னார்.

அவர் சொன்ன முதல் கதை விமான நிலையத்தைப் பற்றியது. 1942, 43-இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் போருக்காக அமைத்த ஓடுபாதை அது. போர் முடிந்தது, ஓடுபாதை இருந்தது. 1967-இல் லண்டனின் மூன்றாவது விமான நிலையம் ஸ்டான்ஸ்டெட்தான் என்று அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. ஊர் கொதித்தது. விவசாயிகள், பாதிரியார்கள், பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். அப்போது இருபது வயதைத் தாண்டியிருந்த பெரியவர், கையில் பதாகையுடன் கூட்டங்களுக்குப் போனாராம். அரசு பின்வாங்கி, நீதிபதி ராஸ்கில் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. ஆணையம் 1971-இல் பக்கிங்ஹாம்ஷயரின் கப்ளிங்டனைப் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்காமல் தேம்ஸ் முகத்துவாரத்தின் மேப்ளின் மணல் திட்டுக்குத் தாவியது. 1974-இல் அதையும் கைவிட்டது. சுற்றிச் சுற்றி மறுபடி ஸ்டான்ஸ்டெட்டுக்கே வந்து நின்றார்கள்.

1981 முதல் 1983 வரை நடந்த பொது விசாரணை 258 நாட்கள் நீண்டது. புதிதாகப் பிறந்திருந்த மாவட்ட மன்றம் தன் வயதுக்கு மீறிய சுமையைத் தூக்கிக்கொண்டு அதில் நின்றது. 1985-இல் அரசு ஒப்புதல் கொடுத்தது. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிப் பயணிகள் வரை வளரலாம் என்றது. நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வடிவமைத்த கண்ணாடி முனையம் 1991 மார்ச்சில் திறக்கப்பட்டது. அழகான கட்டடம் என்பதை நான் மறுக்க மாட்டேன். அங்கே ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள், எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பங்கள். எதிர்த்தவர்களின் பிள்ளைகளும் அங்கேதான் சம்பளம் வாங்கினார்கள். இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ளாமல் அந்த மாவட்டத்தின் வாக்குகளைப் புரிந்துகொள்ள முடியாது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது கன்சர்வேட்டிவ் கோட்டை. நாடாளுமன்றக் கணக்கில் அது சரிதான். 1929 முதல் 1965 வரை சாஃப்ரன் வால்டன் தொகுதியின் உறுப்பினர் ராப் பட்லர். 1945-இல் லேபர் பேரலை அடித்தபோதும் 1,158 வாக்குகள் வித்தியாசத்தில் கரையேறியவர். அவர் பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்லர் பிறந்தது அன்றைய பஞ்சாபின் அட்டக்கில். 1930-களில் இந்திய விவகாரத் துறையின் துணை அமைச்சராக இருந்து, 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தை மக்களவையில் நிறைவேற்றப் பாடுபட்டவர்களில் அவர் ஒருவர். அந்தச் சட்டத்தின்படிதான் 1937-இல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்து ராஜாஜி முதலமைச்சரானார். என் தாத்தாவின் ஊர் வாக்களித்த விதிகளை வகுத்ததில் பங்குகொண்டவர், நான் வாக்களித்த மாவட்டத்தின் சாஃப்ரன் வால்டனில் புனித மேரி தேவாலய முற்றத்தில் அடக்கமாகியிருக்கிறார். அந்தக் கல்லறை முன்னால் ஒரு முறை வெகுநேரம் நின்றிருக்கிறேன்.

ஆனால் நாடாளுமன்ற வாக்கு வேறு, மன்ற வாக்கு வேறு என்பதில் அந்த மக்கள் தெளிவாக இருக்கிறார்கள். பட்லரின் தொகுதிக்குள்ளேயே தாக்ஸ்டெட் இருக்கிறது. 1910 முதல் 1942 வரை அங்கே பாதிரியாராக இருந்த கான்ராட் நோயல், தேவாலயத்துக்குள் செங்கொடியையும் ஐரிஷ் விடுதலை இயக்கத்தின் கொடியையும் தொங்கவிட்டவர். கேம்பிரிட்ஜ் மாணவர்கள் வந்து பிடுங்குவதும் ஊர்க்காரர்கள் மறுபடி ஏற்றுவதுமாக 1921-இல் அது பெரிய சண்டையானது. கிராமப்புற இங்கிலாந்து என்றால் ஒரே நிறம் என்று நினைப்பவர்கள் தாக்ஸ்டெட்டுக்கு ஒரு நாள் போய்வர வேண்டும்.

மன்றத்தில் சுயேச்சைகளும் எப்போதும் இருந்தார்கள். கிராமத்துக்குத் தெரிந்த விவசாயியோ ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ கட்சிச் சின்னம் இல்லாமல் நின்று வெல்வது அங்கே பழைய வழக்கம். மன்றத் தேர்தலுக்கு முன்வைப்புத் தொகை கிடையாது. வார்டில் சில நூறு வாக்குகள் வாங்கினால் ஜெயித்துவிடலாம். 2003-இல் லிபரல் டெமாக்ரட்டுகள் பெரும்பான்மை பெற்றார்கள். 2007-இல் கன்சர்வேட்டிவ்கள் அதைப் பறித்தார்கள். 2011-இல் 44 இடங்களில் 34 அவர்களுக்கே. இடையில் நடந்த ஒன்றுதான் முக்கியம். விமான நிலையம் அதற்குள் ஆண்டுக்கு இரண்டரைக் கோடியாகியிருந்த உச்சவரம்பை மூன்றரைக் கோடியாக உயர்த்தக் கேட்டது, 2006-இல் மன்றம் மறுத்தது, விசாரணை நடந்தது, 2008-இல் அமைச்சர்கள் அனுமதித்துவிட்டார்கள். இரண்டாவது ஓடுபாதைக்கான திட்டம் 2010-இல் கைவிடப்பட்டது. அதைத் தடுத்து நிறுத்தியது லண்டனில் நடந்த ஆட்சி மாற்றம்தான்.

இதைப் படித்தபோது எனக்கு உறுத்திய கேள்வி: தான் மறுத்ததை மேலே இருப்பவர் அனுமதிக்கலாம் என்றால், அந்த மன்றத்துக்கு ஏன் இத்தனை கவனமாக வாக்களிக்கிறார்கள்? பெரியவரிடம் கேட்டேன். "மறுத்தோம் என்பது பதிவில் இருக்க வேண்டாமா?" என்றார்.

நான் போன சமயத்தில் சண்டை வீடுகளைப் பற்றியதாக மாறியிருந்தது. ஒவ்வொரு மாவட்ட மன்றமும் அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் எத்தனை வீடுகள், எங்கே என்று ஒரு நிலத்திட்டம் தயாரித்து, அரசு நியமிக்கும் ஆய்வாளரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். திட்டம் நடைமுறையில் இருந்தால் அதற்கு வெளியே கட்டக் கேட்பவரை மறுக்கலாம். திட்டம் பழசாகிவிட்டால், அல்லது ஐந்து ஆண்டுகளுக்குப் போதுமான மனை ஒதுக்கீடு இல்லையென்றால், கட்டுமான நிறுவனங்கள் எந்த வயலைக் காட்டியும் விண்ணப்பிக்கலாம். மறுத்தால் மேல்முறையீட்டில் வெல்லலாம். அட்டில்ஸ்ஃபோர்டின் திட்டம் 2005-இல் ஏற்கப்பட்டது. அதற்குப் பதிலாகத் தயாரித்த புதிய திட்டத்தை 2014 டிசம்பரில் ஆய்வாளர் ஏற்க மறுத்தார். அடுத்த மாதமே மன்றம் அதைத் திரும்பப் பெற்றது.

அதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். கிராமத்து ஓரங்களில் கம்பத்தில் ஒட்டிய மஞ்சள் அறிவிப்புகள் பெருகின. பள்ளியில் இடம் இல்லை, மருத்துவரைப் பார்க்க மூன்று வாரம், ஒற்றைத் தடச் சாலையில் லாரிகள், ஆனால் இன்னும் இருநூறு வீடுகள். மக்கள் தொகையும் சும்மா இருக்கவில்லை: 2011 கணக்கெடுப்பில் 79 ஆயிரத்துச் சொச்சமாக இருந்தது 2021-இல் 91 ஆயிரத்தைத் தாண்டியது. வந்து குடியேறியவர்களில் நானும் ஒருவன். புதிய வீடுகளே வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று அப்போதே தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பெரும்பாலோர் அப்படிச் சொல்லவும் இல்லை. வீடு வருமுன் பள்ளியும் சாலையும் வரட்டும், எங்கே என்று எங்களையும் கேளுங்கள் என்றார்கள்.

அந்தக் கோபத்திலிருந்து எழுந்ததுதான் ரெசிடென்ட்ஸ் ஃபார் அட்டில்ஸ்ஃபோர்டு. குடியிருப்போர் சங்கமே தேர்தல் கட்சியாகப் பதிவு செய்துகொண்டது. நாடாளுமன்றக் கொள்கை எதுவும் அதற்குக் கிடையாது. பேசியதெல்லாம் மாவட்டத்தைப் பற்றி மட்டுமே.

2015 மே 7 அன்று நாடாளுமன்றத்துக்கும் மன்றத்துக்கும் சேர்ந்தே தேர்தல். கிராம மண்டபத்துக்குள் போனேன். காலை 7 மணிக்கே திறந்து இரவு 10 வரை வைத்திருப்பார்கள். இரண்டு சீட்டுகள் கொடுத்தார்கள். மரத்தடுப்புக்குள் நூலில் கட்டிய பென்சில். மையும் இல்லை, விரலில் அடையாளமும் இல்லை. எங்கள் வார்டுக்கு இரண்டு உறுப்பினர்கள் என்பதால் மன்றச் சீட்டில் இரண்டு பெருக்கல் குறி இடலாம். என் முன்னால் நின்ற பெண்மணி வெளியே வந்ததும் தோழியிடம், மேலே ஒரு கட்சிக்கும் கீழே இன்னொன்றுக்கும் போட்டதாகச் சொன்னார். நிறையப் பேர் அப்படித்தான் போட்டிருக்க வேண்டும். கன்சர்வேட்டிவ்கள் மன்றத்தைத் தக்கவைத்தார்கள், ஆனால் 39-ஆகக் குறைக்கப்பட்டிருந்த இடங்களில் புதிய சங்கம் முதல் முயற்சியிலேயே பத்தையொட்டிய இடங்களை வென்று எதிர்வரிசையில் முதலாவதாக அமர்ந்தது.

அடுத்த நான்கு ஆண்டுகளில் நடந்த எதுவும் ஆளுங்கட்சிக்கு உதவவில்லை. முற்றிலும் புதிதாக மூன்று தோட்ட நகரங்களை எழுப்புவது என்று அடுத்த நிலத்திட்டம் வந்தது. 2018-இல் விமான நிலையம் மறுபடி வந்து கதவைத் தட்டியது: மூன்றரைக் கோடி போதவில்லை, 4.3 கோடி வேண்டும். நவம்பரில் மன்றத்தின் திட்டக் குழு கூடியது. வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தன. குழுத் தலைவரின் தீர்மான வாக்கால் அனுமதி நிறைவேறியது. மறுநாள் ரயிலில் கேம்பிரிட்ஜ் போகும்போது பெட்டி முழுவதும் அதே பேச்சு. இங்கிலாந்தில் ரயிலில் அந்நியர்கள் ஒருவரோடொருவர் பேசி நான் பார்த்த சில நாட்களில் அது ஒன்று.

2019 மே 2. இந்த முறை மன்றத் தேர்தல் மட்டும். மழைத் தூறலில் மண்டபத்துக்கு வெளியே வரிசை. முடிவு வந்தபோது குடியிருப்போர் கட்சிக்கு 39-இல் 26. இருபதுக்கு மேல் வைத்திருந்த கன்சர்வேட்டிவ்களுக்கு 4. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத் தேர்தல். அண்டைப் பகுதியின் சில கிராமங்களும் சேர்ந்த சாஃப்ரன் வால்டன் தொகுதியில் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் கெமி பேடனாக் 27,594 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். ஏழு மாத இடைவெளியில், ஏறக்குறைய அதே மக்கள். கட்சி வெறுப்பு அலை என்று இதை எழுதியவர்கள் ஊரை வந்து பார்க்கவில்லை. மே மாதத்தில் வயலைப் பற்றி வாக்களித்தார்கள், டிசம்பரில் நாட்டைப் பற்றி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன்.

வென்றவர்கள் சொன்னபடி விமான நிலைய விண்ணப்பத்தை மறுபடி குழுவுக்குக் கொண்டுவந்தார்கள். 2020 ஜனவரியில் குழு மறுத்தது. ஒலி, காற்று மாசு, காலநிலை என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. பெரியவர் அன்று மாலை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று செய்தியைச் சொல்லிவிட்டுப் போனார். 1967-க்குப் பிறகு இப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் மனைவியும் பார்த்ததில்லையாம்.

நிலையம் மேல்முறையீடு செய்தது. 2021-இல் மூன்று ஆய்வாளர்கள் கொண்ட குழு விசாரித்து, மே மாதம் 4.3 கோடிக்கு அனுமதி கொடுத்தது. மறுப்புக்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று சொல்லி, நிலையத்தின் வழக்குச் செலவையும் மன்றமே தர வேண்டும் என்று உத்தரவிட்டது. மன்றம் நீதிமன்றத்துக்குப் போயும் பலனில்லை. அந்தச் செலவு குப்பை அள்ளவும் வீடு பராமரிக்கவும் இருந்த பணத்திலிருந்துதான் போயிருக்கும்.

அடி அத்தோடு நிற்கவில்லை. தோட்ட நகரத் திட்டத்தை 2020 ஜனவரியில் ஆய்வாளர்கள் நிராகரித்திருந்தார்கள். ஏப்ரலில் அதுவும் திரும்பப் பெறப்பட்டது. 2005-இன் திட்டத்தை வைத்துக்கொண்டே மன்றம் காலம் தள்ளியது. பெரிய விண்ணப்பங்களில் மன்றம் மறுத்து மேல்முறையீட்டில் தோற்றவை பத்து விழுக்காட்டைத் தாண்டினால் அரசு தலையிடலாம் என்று ஒரு விதி. 2022 பிப்ரவரியில் அட்டில்ஸ்ஃபோர்டு அந்த விதியின் கீழ் வந்தது. பெரிய கட்டுமான நிறுவனங்கள் விரும்பினால் மன்றத்தைத் தாண்டி நேராக அரசின் திட்ட ஆய்வுத் துறைக்கே விண்ணப்பிக்கலாம் என்றானது. நாட்டிலேயே இதற்கு முன் இப்படித் தண்டிக்கப்பட்டது லெஸ்டர்ஷயரின் பிளேபி மட்டும்.

இங்கே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். புதிய ஆட்சியினர் தவறே செய்யவில்லை என்று நான் வாதாட மாட்டேன். ஆதாரம் இல்லாமல் மறுப்பது மறுப்பே ஆகாது; அதை அவர்கள் விலை கொடுத்துக் கற்றார்கள். ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். திட்டம் இல்லாத நிலைக்கு மன்றத்தைக் கொண்டுவந்த இரண்டு முயற்சிகளும் அவர்களுக்கு முந்தைய ஆட்சியில் தயாரானவை. எத்தனை வீடுகள் என்ற எண்ணை லண்டன் சொல்கிறது, எங்கே என்ற பழியை மட்டும் மாவட்டம் சுமக்கிறது. வாக்காளன் தன் மன்றத்தை மாற்றலாம். அந்த எண்ணை மாற்ற முடியாது. வாக்குச்சீட்டில் இல்லாத ஒன்றுக்காக உறுப்பினர்களைத் தண்டிப்பதும் புகழ்வதுமாக அங்கே தேர்தல்கள் நடக்கின்றன. இது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

2023 மே 4 அன்று கடைசியாக அங்கே வாக்களித்தேன். அடையாள அட்டை காட்ட வேண்டும் என்ற புதிய விதி அந்தத் தேர்தலில்தான் வந்தது, கடவுச்சீட்டைக் கொண்டுபோனேன். நான்கு ஆண்டுத் தோல்விகளுக்குப் பிறகு குடியிருப்போர் கட்சி துடைத்தெறியப்படும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 26 இடங்கள் 22 ஆகின. கன்சர்வேட்டிவ்கள் 4-லிருந்து 11-க்கு ஏறினார்கள். பெரும்பான்மைக்கு 20 போதும் என்பதால் ஆட்சி நிலைத்தது. வார்டு வாரியாகப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேல்முறையீட்டில் தோற்றதற்காக மக்கள் அவர்களைக் கைவிடவில்லை. பெரியவர் சொன்ன பதிவுதான் நினைவுக்கு வந்தது. 2024-இல் எல்லைகள் திருத்தப்பட்ட நாடாளுமன்றத் தொகுதியில் பேடனாக்கின் வித்தியாசம் 2,610 ஆகச் சுருங்கியது. அந்த ஆண்டே அவர் கட்சித் தலைவரானார். அது வேறு கதை.

மூன்றாவது நிலத்திட்டம் 2024 இறுதியில் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. அதற்குள் மன்றத்தின் ஆயுளே கேள்விக்குள்ளாகிவிட்டது. இரண்டடுக்கு முறையை ஒழித்துப் பெரிய ஒற்றை மன்றங்களை அமைப்பது அரசின் திட்டம். அதன்படி 2028 ஏப்ரலில் எசெக்ஸின் மாவட்ட மன்றங்கள் அனைத்தும் கலைக்கப்படும். 91 ஆயிரம் பேருக்கு இருந்த மன்றம் போய், பல லட்சம் பேருக்கு ஒன்று வரும். செலவு மிச்சம் என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் திட்டக் குழுவில் எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்த வயலின் வளைவை நடந்து பார்த்தவராக இருப்பது இனி அரிது. 1974-இல் மூன்று மன்றங்கள் கலைந்தபோதும் யாரோ இதையே சொல்லி வருந்தியிருப்பார்கள். ஆயினும் அட்டில்ஸ்ஃபோர்டு என்ற பெயரை இரண்டாவது முறை இழப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

நான் அங்கிருந்து கிளம்பி வந்துவிட்டேன். பெரியவர் அங்கேயே இருக்கிறார், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மாதத்துக்கு ஒரு முறை பேசுவோம். விமான நிலையம் 4.3 கோடி போதாது, 5.1 கோடி வேண்டும் என்ற திட்டத்தை முன்வைத்துவிட்டதாம். ஆட்சேபக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டார், வழக்கம்போல் மையால், கையெழுத்தில். எங்கே அனுப்பப்போகிறீர்கள் என்று கேட்டேன். சாஃப்ரன் வால்டனில், லண்டன் சாலையில், 19-ஆம் நூற்றாண்டின் பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் இயங்கும் அதே அலுவலகத்துக்குத்தான் என்றார். கலைக்கும் வரை அதுதானே முகவரி.